மைக் டெஸ்ட்டுக்கு வந்த ஞானம்மா

தம்பிகளா, போன வாரம் சங்கக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, "நாலு வார்த்தை அனுபவத்தைச் சொல்லுங்க பெரியவரே" என்று மைக்கை நீட்டினீர்கள். ஊருக்கெல்லாம் மைக்செட் போடுகிறவர்களின் சொந்தக் கூட்டம். அதில் அந்த மைக் கொர்கொர்ரென்று இரைகிறது! எனக்கு வந்த கோபத்தில் நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சால்வை நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை.

அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். எந்த ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை வாட், எந்த ஒயரை எங்கே இழுப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேடையில் அடிதடி கிளம்பப் போகிற நேரத்தில், சுவிட்சின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறவன் என்ன செய்ய வேண்டும்? அதை உங்களுக்கு எந்தக் கடையிலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் கடை. முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு ரொம்ப நாள் வந்ததில்லை. கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர், கார் பேட்டரிகள், சுவரோரம் அடுக்கிய குழாய் ஸ்பீக்கர்கள். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, தர்கா சந்தனக்கூடு எல்லாவற்றுக்கும் போவோம். ஆனால் எங்கள் அடுப்பு எரிந்தது கட்சிக் கூட்டங்களால்தான்.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. அரிசி மில், எண்ணெய் மில், பீடி, தோல் என்று தொழில்களைப் பட்டியல் போட்டு, இதற்குக் கீழே யாரும் கூலி கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று விசாரித்துச் சொல்ல ஒரு குழு போட்டிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது.

எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சிகள் இதை வைத்து மோதிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் பெரிய பெயர்கள் உண்டு. கடைக்குள் அந்தப் பெயர்கள் நடமாடாது. ஒரு கட்சிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் "படிப்படியாக" என்பார்கள், அது படிப்படி கட்சி. மற்றக் கட்சிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் "உடனடியாக" என்பார்கள், அது உடனடி கட்சி. பாய் வைத்த பெயர்கள். "படிப்படிக்கு நாளைக்கு நாலு கொயா, உடனடிக்கு நாளான்னைக்கு அஞ்சு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். குழாயைத்தான் எங்கள் பக்கம் கொயா என்பது.

அந்தக் காலத்தில் பதில் கூட்டம் என்று ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்கு ஒரு கட்சி ஒரு முக்கில் கூட்டம் போட்டால், மறுநாள் அதே முக்கில் மற்றவர்கள் பதில் கூட்டம் போடுவார்கள். அதற்கு மறுநாள் பதிலுக்குப் பதில். இரண்டுக்கும் மைக் நாங்கள்தான். படிப்படி பேச்சாளர், "கூலியை ஒரேயடியாக ஏற்றினால் சின்ன முதலாளி கடையை மூடிவிட்டுப் போய்விடுவான், அப்புறம் கூலியை யாரிடம் கேட்பது?" என்று கேட்டால், எனக்கு அது நியாயமாகப் படும். மறுநாள் உடனடி பேச்சாளர், "வயிறு நிறையக் கூலி கொடுக்க வக்கில்லாதவன் கடையைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன? பசி படிப்படியாகவா வருகிறது?" என்று இரைவார். அடடா, இவர் சொல்வதல்லவா நியாயம் என்று தோன்றும். பாயிடம் சொன்னால் சிரிப்பார். "பேட்டா, ரெண்டு பக்கமும் கேக்குறவனுக்குத்தான் இந்த வியாதி. ஒரு பக்கம் மட்டும் கேக்குறவன் நிம்மதியா தூங்குறான்" என்பார்.

பாயும் தப்பு செய்திருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயந்திரம் இரண்டு கட்சிகளும் விட்டுக்கொடுக்காமல் ஒரே தெருவின் இரண்டு முனையில் கூட்டம் போட்டன. நடுவில் இருந்த விளக்குக் கம்பத்தில் இரண்டு ஒயரையும் பாய்தான் ஏறிக் கட்டினார். மாற்றிக் கட்டிவிட்டார் மனிதர்! உடனடி பேச்சு படிப்படி கூட்டத்துக் குழாயில் வருகிறது, படிப்படி பேச்சு உடனடி கூட்டத்தில் வருகிறது. மேடையில் ஒருவர் வாயை அசைக்க, குழாயில் வேறொருவர் குரல். அதைவிட வேடிக்கை, கொஞ்ச நேரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்ததும் தொண்டர்கள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் இந்த முனையில் ஒரு ஆம்ப்ளிஃபயரிடம், பாய் அந்த முனையில். அவர் தூரத்திலிருந்து இரண்டு கையையும் ஒன்றாகக் கீழே இறக்கிக் காட்டினார். நான் என்னுடையதை அணைத்தேன், அதே நேரத்தில் அவர் அவருடையதை அணைத்தார். பிறகு சொன்னார், "ஒருத்தன மட்டும் நிறுத்துனா அவன் நாளைக்கு நம்ம கடைய கொளுத்துவான். நிறுத்துனா ரெண்டையும் நிறுத்து. ரெண்டு பேருக்கும் சமமா கோவம் வரட்டும்." இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். அன்றிலிருந்து நான் தனியாக ஒருவர் பேச்சை அறுத்ததே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பதில் கூட்டங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வாசகசாலைப் பையன்கள், இரண்டு கட்சிகளையும் ஒரே மேடையில் ஏற்றி நேருக்கு நேர் பேச வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். தலைமைக்குக் கூலிக் குழுவிலேயே இருந்த ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர் சம்மதித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் விசாரித்து முடித்துக் குழு தன் பட்டியலைக் கொடுக்கப் போகிற சமயம் அது. அதனால் இரண்டு கட்சிக்கும் இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. ஜட்ஜின் காதில் யார் பேச்சு ஏறுகிறதோ அவர்கள் பக்கம் பட்டியல் சாயும் என்று நம்பினார்கள்.

நிபந்தனைகளைக் கேளுங்கள். இரண்டு கட்சிக்கும் சமமான நேரம், மைக் வாடகையும் சரிபாதி. பெயர் கொடுத்தவர்களைத் தவிர யாரும் மைக்கைத் தொடக் கூடாது. நான் யார் பேசும்போதும் சத்தத்தைக் குறைத்துவிடக் கூடாது என்று என் மேஜைக்கு இரண்டு பக்கமும் கட்சிக்கு ஒரு காவல்! படிப்படியின் சார்பில் காவலுக்குத் தணிகாசலம். கதர் ஜிப்பா, பருத்த உடம்பு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உடனடியின் சார்பில் அந்தோணி. துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர், குச்சி மாதிரி இருப்பார், குரல் மட்டும் கப்பல் சங்கு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாய் வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு இன்னொரு செட்டைக் கொண்டு போய்விட்டார். நான் தனி.

அன்று கூட்டத்துக்கு முன்னால், மத்தியானம் நான் கம்பத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஞானம்மா வந்து நின்றாள். எங்கள் கடைக்கு எதிரே ஒரு கிடங்கு. துறைமுகத்துக்குப் போகிற, வருகிற கோணிப் பைகளில் கிழிந்ததைத் தைக்கிற இடம். காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் பெண்கள் தூசியில் வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். அதில் ஒருத்தி அவள். ராயபுரத்து மீனவர் குடும்பம். அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். கடல் சரியில்லாத நாளில் அவள் ஊசிதான் சோறு போடும்.

"நைனா, இந்தக் கொயாவுல பேசனா அந்த ஜட்ஜய்யாவுக்கு கேக்குமா?"

"பக்கத்துலதானே குந்தியிருக்கப் போறாரு, கொயா இல்லாமலே கேக்கும். ஏன் யக்கா?"

"எங்க பேச்சு கேக்குமான்னு கேட்டேன். அரிசி மில்லுல வேல செய்யறவங்களுக்கு கூலி எய்துறாங்களாமே. கோணி தைக்கிறவ பேரு அந்தப் பட்டியல்ல இல்லியாம். இன்னிக்கி வுட்டா அந்த ஐயா போய்டுவாரு. அப்பால நாங்க ஆரப் போயி புடிக்கிறது?"

"ரெண்டு கட்சியாண்டயும் சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பனா? தணிகாசலம் ஐயாவாண்ட போனேன். மொதல்ல மில்லுக்காரங்களுக்கு முடியட்டும், படிப்படியா ஒங்களுக்கும் வரும்ன்னாரு. அந்தோணி அண்ணனாண்ட போனேன். மொதல்ல சங்கத்துல சேருங்கன்னாரு. மில் சங்கத்துல போனா கோணி மில்லுல சேராதுன்றாங்க. ரெண்டு பேரும் நல்லவங்கதான் நைனா. எங்கள நெனைக்கத்தான் அவங்களுக்கு நேரமில்ல."

ஒரு நிமிஷம் மைக்கில் பேச விடு என்றாள். "ஐயோ யக்கா, பேர் கொடுத்தவங்க தவிர ஆரும் பேசக் கூடாது. மீறனா எனுக்கு வேல பூடும்" என்றேன்.

"ஒனுக்காவது போறதுக்கு ஒரு வேல கீது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மேடைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசு என்னவோ செய்தது. இருந்தாலும் நான் சொன்னது சரிதான். வாடகைக்கு எடுத்தவர்களின் மேடையில் மைக்காரன் தன் இஷ்டத்துக்கு ஆள் ஏற்றினால், அடுத்த கூட்டத்துக்கு அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள்.

சாயந்திரம் மைதானம் நிரம்பிவிட்டது. ஜட்ஜ் எழுந்து "பெரியோர்களே, தாய்மார்களே" என்றார். அவ்வளவுதான். குழாய் கீச்சென்று ஒரு கத்தல் கத்திவிட்டு ஊமையாகிவிட்டது.

ஆம்ப்ளிஃபயருக்குள் வால்வு போய்விட்டது என்று எனக்கு உடனே தெரியும். ஆனால் கூட்டத்துக்குத் தெரியுமா? "ஒயரைப் புடுங்கிட்டான்!" என்று ஒரு குரல். எந்தப் பக்கத்துக் குரல் என்று பார்ப்பதற்குள் விசில், மண், செருப்பு. அந்தோணி என் மேஜையைத் தாண்டித் தணிகாசலத்தின் ஜிப்பாவைப் பிடித்துவிட்டார்.

"ஓய் வாத்தியாரே, எங்க ஆளு பேசக் கூடாதுன்னுதான இந்த வேல?"

"பேசினது ஜட்ஜய்யா! உங்க ஆளு இன்னும் எழுந்திருக்கவே இல்லை!"

"அதுக்கு முன்னாடியே புடுங்கிட்டீங்களேன்றேன்!"

நான் சூடான வால்வைத் துண்டால் பிடித்துக் கழற்றிப் புதிதை மாட்டினேன். செட் உயிர் வந்து சிவந்தது. இனி ஒருவர் பேசிப் பார்க்க வேண்டும், குரல் சரியாக வருகிறதா என்று. வழக்கமாக நான்தான் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" சொல்வேன். வாயைத் திறந்தேன். அந்தோணி கையை நீட்டி மறித்தார்.

"நீ பேசாத. நீ போன மாசம் இவங்க தலைவர் வூட்டுக் கல்யாணத்துக்கு மைக் போட்டவன்."

"அப்ப உங்க ஆளும் பேசக் கூடாது" என்றார் தணிகாசலம். "டெஸ்ட்ன்னு சொல்லிட்டு ஒரு கோஷம் போட்டுட்டு இறங்கிடுவீங்க."

"நீங்க மட்டும் சும்மா இருப்பீங்களா? எந்தக் கட்சியும் இல்லாத ஆளா பாத்து டெஸ்ட் பண்ணச் சொல்லு."

"ஒத்துக்கறேன். எந்தக் கட்சியும் இல்லாத ஆளு."

முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பின்னால் ஒரு சோடா பாட்டில் உடைகிற சத்தம். ஜட்ஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் சீக்கிரம் பேசுங்களேன் ஐயா, கலவரம் ஆகிவிடப் போகிறது" என்றார்.

எந்தக் கட்சியும் இல்லாத ஆள். தம்பிகளா, அந்தக் காலத்து வடசென்னையில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது சாமானியமா? டீ ஆற்றுகிறவர் ஒரு கட்சி, சுண்டல் விற்கிறவர் ஒரு கட்சி. நான் கூட்டத்தைப் பார்த்தேன். எதிரே மண்ணில் ஞானம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசிக்க எனக்கு நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்தேன். அவளைக் கூப்பிட்டால் அவள் ஒன்று, இரண்டு, மூன்றோடு நிறுத்த மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர்களே போட்ட நிபந்தனைக்கு அந்த மைதானத்திலேயே பொருத்தமான ஆள் அவள்தான். அவளை விட்டுவிட்டு வேறு யாரையாவது தேடினால் அதுதான் அக்கிரமம் என்று பட்டது.

"ஞானம்மாக்கா! இப்பிடி வா. ஒன்னு, ரெண்டு, மூணு சொல்லு."

அவள் எழுந்து வந்தாள். தணிகாசலம் குனிந்து கேட்டார், "அம்மா, நீங்க எந்தக் கட்சி?"

"என்ன ஒரு கட்சியும் சேத்துக்கல சாமி."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தோணி, "சரி, வுடு" என்றார். மேடையில் ஏறி மைக்குக்கு முன்னால் நின்றாள். உயரம் போதாது. நான் மைக்கைத் தாழ்த்தினேன்.

"ஒன்னு" என்றாள். குழாயில் தன் குரல் அவ்வளவு பெரிசாக வந்ததைக் கேட்டு மிரண்டு ஒரு அடி பின்னால் போனாள். பிறகு திரும்ப வந்தாள். "ரெண்டு. மூணு."

மைதானம் அடங்கியது. ஒரு பெண் குரல் என்பதாலேயே அடங்கியது. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம் பேரு ஞானம்மா. கோணி தைக்கிறவ. ஐயா, மில்லுல அரிசி அரைக்கிறவங்களுக்கு கூலி எய்துறீங்க, நல்லா இருக்கட்டும். அந்த அரிசி எதுல நிக்கிது? நாங்க தச்ச கோணியில நிக்கிது. எங்களையும் ஒரு வரி எய்திக்கோங்க. வேற ஒன்னும் கேக்க வரல."

தணிகாசலத்தின் கை சுவிட்சை நோக்கி வந்தது. அந்தோணியின் கையும் வந்தது. இரண்டு கையும் சுவிட்சுக்கு மேலே வந்து நின்றன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூலிக்காரப் பெண் பேச்சை எவன் அணைக்கிறானோ அவன் கட்சி அந்தப் பேட்டையில் அதோடு போச்சு. அது இருவருக்கும் தெரியும். நான் என் உள்ளங்கையை சுவிட்சின் மேல் மூடிக்கொண்டேன்.

"டெஸ்ட் இன்னும் முடியலீங்க" என்றேன்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். "காலைல மேஸ்திரி கதவாண்ட நின்னுகினு நீ வா, நீ போன்றாரு. எதுக்கு போகச் சொன்னாருன்னு கேக்க முடியாது. உள்ள போனவளுக்கு அன்னிக்கி கூலி இன்னான்னு பொழுது சாஞ்சாத்தான் தெரியும். ஊருல கத்திரிக்கா வாங்கனாலும் மொதல்ல வெல சொல்லிட்டுத்தான குடுக்கறாங்க?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அந்தக் கிடங்கு மேஸ்திரியேதான். "ஏய், எறங்குடி! நாளைக்கு கதவாண்ட தல தெரிஞ்சுது, அவ்ளோதான்!"

ஞானம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்குப் பகீரென்றது. இவளை மேடை ஏற்றி வேலையைப் போக்கிவிட்டோமே! அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா ஐயா?" என்றாள் ஜட்ஜைத் திரும்பிப் பார்த்து. "எனுக்கு மைக்கு வேண்டியிருக்குது. அவருக்கு வேண்டியதில்ல."

இறங்கிவிட்டாள். கை தட்டல் என்றால் அப்படி ஒரு கை தட்டல் நான் அதற்கப்புறம் கேட்டதில்லை. அடிக்க வந்தவர்கள் எல்லாம் தட்டினார்கள். ஜட்ஜ் அவளைக் கூப்பிட்டு, எந்தக் கிடங்கு, எங்கே என்று கேட்டுக்கொண்டார்.

அப்புறம் நடந்த வாதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படிப்படி பேச்சாளர் எழுந்து, கோணி தைக்கும் சகோதரிகளைப் பற்றித் தங்கள் கட்சி எவ்வளவு காலமாகக் கவலைப்பட்டு வருகிறது என்று ஆரம்பித்தார். உடனடி பேச்சாளர் எழுந்து, அந்தக் கவலையை முதலில் பட்டது தாங்கள்தான் என்றார். யார் அதிகமாகக் கவலைப்பட்டது என்பதிலேயே இருவர் நேரமும் போய்விட்டது. தணிகாசலமும் அந்தோணியும் என் மேஜைக்கு இரண்டு பக்கமும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தணிகாசலம் தன் பொடி டப்பாவை அந்தோணியிடம் நீட்டினார். அந்தோணிக்குப் பொடிப் பழக்கம் கிடையாது. இருந்தாலும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு தும்மித் தீர்த்தார்.

பாயிடம் மறுநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வேலைய வுட்டு நின்னுக்கறேன் பாய்" என்றேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மைக்க வாடகைக்கு எடுத்தது ஆரு?"

"ரெண்டு கட்சியும்."

"டெஸ்ட் பண்ற நேரத்துக்கு நாம வாடகை வாங்குறமா?"

"இல்ல பாய்."

"அப்ப அது நம்ம நேரம். போய் பேட்டரிய சார்ஜ்ல போடு."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மேடையும் பேச்சும் வாடகைக்கு எடுத்தவனுடையது, அதில் நமக்குப் பாத்தியதை இல்லை. ஆனால் எந்தக் கூட்டத்திலும் கொஞ்ச நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். அதை என்ன செய்வது என்பது உங்கள் புத்திக்கும் மனசுக்கும் விட்டது. நீங்களோ அதையும் "செக், செக்" என்றே தீர்த்துவிடுகிறீர்கள்!

ஆனால் அதோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மேஸ்திரி சொன்னபடியே செய்தான். மறுநாள் காலையில் எல்லாரையும் உள்ளே விட்டான், ஞானம்மாவை மட்டும் வெளியே நிறுத்தினான். மற்றப் பெண்கள் உள்ளே போக மாட்டோம் என்று கதவருகே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தோணி ஓடி வந்து, "இங்கயே மறியல் போடலாம், நான் கொடி கொண்டாறேன்" என்றார். தணிகாசலம் மூச்சு வாங்க வந்து, "மனு கொடுக்கலாம், நான் எழுதித் தரேன்" என்றார். ஞானம்மா இரண்டு பேரையும் கும்பிட்டாள். பிறகு அந்தப் பெண்களிடம் திரும்பி, "எய்ந்திருங்கடி. உள்ள போங்க. வூட்டுல அடுப்பு எரிய வாணாமா? எனுக்காக ஒங்க புள்ளைங்க பட்டினி கெடந்தா அந்தப் பாவம் எனுக்கு ஆவாது" என்று ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் தள்ளி அனுப்பினாள். கடைசிப் பெண் உள்ளே போன பிறகுதான் அழுதாள். எங்கள் கடை வாசலில் நின்று அழுதாள். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அன்று மத்தியானமே ஜட்ஜ் குடையைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கு வந்தார். தூசியில் இருமிக்கொண்டே வெகுநேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்து அவளிடம், "குழுவில் சொல்கிறேன் அம்மா. எனக்குத் தனியாக அதிகாரம் கிடையாது. நாளாகும்" என்றார். நாளானது.

அத்தனை நாளும் ஞானம்மா எப்படிச் சாப்பிட்டாள் என்றால், பாய்க்குத் திடீரென்று மழை பயம் வந்துவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. "கொயா எல்லாம் நனஞ்சு பூடும்மா, ஒவ்வொண்ணுக்கும் கித்தான் ஒறை தச்சுக் குடு" என்று அவளைக் கூப்பிட்டார். குழாய்க்கு உறை, ஆம்ப்ளிஃபயருக்கு உறை, பேட்டரிக்கு உறை. எல்லாம் தைத்து முடித்ததும், "இது தொளதொளன்னு கீது" என்று நல்ல உறைகளையே பிரித்துத் தைக்கச் சொன்னார். அவளுக்குப் புரியாதா? ஒரு நாள், "பாய், இன்னும் கொஞ்ச நாள் போனா ஒனுக்கே ஒரு ஒறை தச்சுடப் போறேன்" என்றாள். பாய் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். தணிகாசலத்தின் பள்ளிக்கூடத்துக் கூடாரத் துணி, அந்தோணி துறைமுகத்திலிருந்து வாங்கி வந்த கிழிந்த தார்ப்பாய் என்று அவர்கள் பங்குக்கும் வேலை வந்தது. இரண்டு கட்சியும் யாருக்கும் தெரியாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இன்று வரைக்கும் இரண்டு கட்சிக்காரர்கள் மேலும் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

கடைசியில் பட்டியல் வந்தது. கோணி தைக்கிற வேலை அதில் இருந்தது. ஊரே பார்க்கும்போது இனி ஞானம்மாவை வெளியே நிறுத்த வேண்டாம் என்று கிடங்கு முதலாளி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாராம். படிப்படி கட்சி வெற்றிக் கூட்டத்துக்கு மைக் கேட்டது, உடனடி கட்சியும் கேட்டது. இரண்டு கட்சியும் ஞானம்மாவை மேடைக்கு அழைத்தன. அவள், "எனுக்கு காலைல வேலைக்கு போவணும், வுடுங்க சாமி" என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் காலையில் நான் கடையைச் சீக்கிரம் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டேன். பாயும் வந்து நின்றார். ஞானம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கிடங்குக் கதவருகே பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி அவளைப் பார்த்தான். நகர்ந்து வழி விட்டான்.

அவள் உள்ளே போகவில்லை. வாசற்படிக்கு முன்னால் நின்றாள்.

"மேஸ்திரி, இன்னிக்கி எனுக்கு கூலி இன்னா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லு மேஸ்திரி. பின்னால நிக்கிறவளுங்களுக்கு கேக்கல."

தெருவில் போய்க்கொண்டிருந்த கைவண்டிக்காரன்கூட நின்றுவிட்டான். மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பிறகு தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கூலியைச் சொன்னான். அவள் பின்னால் திரும்பி, "கேட்டுச்சாடி?" என்றாள். கேட்டது என்று எல்லாரும் சொன்ன பிறகு உள்ளே போனாள்.